இழைப்புளியும் புயலும்

தன் கையால் ஒரு பொருளைச் செய்து முடிப்பதில் உள்ள இன்பம் தனி இன்பமாகும். விலை கொடுத்து வாங்கிய நாற்காலியில் அமர்வோர் பலர். தாமே இழைத்துப் பொருத்திய நாற்காலியில் அமர்வோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், சென்னையில் அபிராமபுரத்தில் வாழ்ந்த முதியவர். கணக்கு எழுதும் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் தச்சுவேலையைக் கற்றார். வீட்டுத் தாழ்வாரமே அவருடைய பட்டறை. வாள், உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் ஆகிய கருவிகள் அங்கே வரிசையாக விளங்கும்.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், ‘வர்தா’ என்னும் புயல் சென்னையை நெருங்கியது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டிருந்தது. பேத்திக்கு ஒரு நூலடுக்கு செய்து தருவதாக முதியவர் நெடுநாளாகக் கூறிவந்தார். இடித்த பழைய வீடொன்றிலிருந்து வாங்கிய தேக்குப் பலகைகள் அதற்கென்றே காத்திருந்தன. காலையிலேயே இருவரும் வேலையைத் தொடங்கினர். இழைப்புளி ஓட ஓட, மெல்லிய சுருள்கள் தரையில் குவிந்தன. தேக்கின் மணம் எங்கும் கமழ்ந்தது.

“தாத்தா, இழுப்பறையை இன்னும் இறுக்கமாகப் பொருத்தலாகாதா?” என்று பேத்தி கேட்டாள்.

“ஆகாது, அம்மா. வெட்டிய மரமும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும். வறண்ட காலத்தில் அதனை விடும். ஆதலால் பலகை அகலத்தில் பருக்கும், சுருங்கும். நீளத்தில் அவ்வளவாக மாறாது. கோடையில் இறுகப் பொருத்திய இழுப்பறை மழைக்காலத்தில் திறவாது. மரத்திற்கு மூச்சுவிடச் சிறிது இடம் தரவேண்டும்” என்றார் முதியவர்.

அதற்குள் மழை வலுத்தது. சாரல் தாழ்வாரத்தினுள் புகவே, பலகைகளையும் கருவிகளையும் இருவரும் கூடத்திற்கு மாற்றினர். எதிர்ப்புறத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில், துணி தேய்க்கும் தொழிலாளி ஒருவர் தம் வண்டியருகே ஒடுங்கி நின்றார். “தம்பி, அங்கே நில்லாதே, உள்ளே வா!” என்று முதியவர் உரக்க அழைத்தார். அவரும் இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

நண்பகலுக்குப்பின் காற்று வெறிகொண்டது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அது வீசியது. கிளைகள் முறிந்து விழுந்தன, மின்சாரம் நின்றது. பின்னர்த் திடீரென்று எங்கும் ஓர் அமைதி நிலவியது. “புயல் போய்விட்டது, ஐயா. நான் சென்று வண்டியை இழுத்து வருகிறேன்” என்று தொழிலாளி எழுந்தார். முதியவர் அவர் கையைப் பற்றி நிறுத்தினார்.

“போகாதே! இது புயலின் நடுப்பகுதியாக இருக்கக்கூடும். முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று இனித் தெற்கிலிருந்து அடிக்கும்.”

“அந்த வண்டிதான், ஐயா, என் பிழைப்பு!”

“உயிர் இருந்தால் பிழைப்பைத் தேடிக்கொள்ளலாம்.”

சிறிது நேரம் சென்றது. எதிர்த்திசையிலிருந்து காற்று சீறிப் புறப்பட்டது. ஒரு பக்கம் சாய்ந்து தளர்ந்திருந்த பெருமரம் மறுபக்கம் அலைக்கப்பட்டு, வேரோடு பெயர்ந்து வண்டியின்மேல் வீழ்ந்தது. சாலைக்கும் நடைபாதைக்கும் இடையே வேரோட இடமின்றி வளர்ந்த மரம் அது. அன்று சென்னையில் அவ்வாறு வீழ்ந்த மரங்கள் பல்லாயிரம். தொழிலாளி வாய்திறவாமல் முதியவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

மறுநாள் மரத்தை அறுத்து அகற்றினர். வண்டியின் சக்கரங்கள் தப்பியிருந்தன. மேற்பலகைகள் நொறுங்கிக் கிடந்தன. முதியவர் கூடத்திலிருந்த தேக்குப் பலகைகளை நோக்கினார், பின்னர்ப் பேத்தியை நோக்கினார், ஒன்றும் கூறவில்லை. சிறுமியின் முகம் ஒரு கணம் வாடியது. தான் கனவு கண்ட நூலடுக்கு அன்றோ அது! ஆயினும் அவள் எழுந்து, பலகையொன்றைத் தானே தூக்கி வந்தாள்.

“தாத்தா, பலகைகளுக்கு நடுவே சிறிது இடம் விடுவோமா? வண்டி மழையில் நிற்குமே!” என்றாள்.

முதியவரின் முகம் மலர்ந்தது. மின்சாரம் இல்லாமையால் துளைக்கும் பொறி பயன்படவில்லை. கைத்துரப்பணமும் உளியுமே துணைநின்றன. மாலைக்குள் வண்டி எழுந்து நின்றது. அடுத்த சில நாட்கள் தெருவில் மின்சாரம் வரவில்லை. வீடுகளில் மின் இஸ்திரிப் பெட்டிகள் உறங்கின. தொழிலாளியின் கரிப்பெட்டியோ ஓயாமல் உழைத்தது.

நூலடுக்கு கோடையில்தான் முடிந்தது. அதன் இழுப்பறை அடுத்த மழைக்காலத்திலும் தடையின்றித் திறந்தது. அதனைத் திறக்குந்தோறும் சிறுமி சாளரத்தின் வழியே தெருவை நோக்குவாள். அங்கே அவளுடைய பழைய தேக்குப் பலகைகளின்மேல், வெண்ணிறத் துணிகள் மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருக்கும்.