பார்வைப் புலம்

அப்பா வரப்பில் இரண்டு முறை தடுமாறியபோது வயசாயிடுச்சுன்னுதான் நினைத்தேன். தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனையில், கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். "நடுப்புள்ளிய மட்டும் பாருங்கய்யா. ஓரத்துல வெளிச்சம் தெரிஞ்சா பட்டனை அமுக்குங்க." வெகுநேரம் பட்டன் சத்தமே வரவில்லை. "ஏம்மா, மெஷின் நின்னுடுச்சா?" என்றார் அப்பா.

கிளாக்கோமா. அச்சாகி வந்த தாளில் கீழ்ப்பாதி கருப்பு. ஆனால் அவருக்கு அது இருட்டாகத் தெரிந்ததே இல்லை; காணாத இடத்தை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. செத்த நரம்பு திரும்பாது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காக்கலாம்.

சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண்நோயாளிகளின் ஓவியங்கள் இருக்கின்றன. அப்பாவின் கண்ணை அப்படி வரைந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

இதற்குப் பெயர் பார்வைப் புலச் சோதனை. புலம் என்றால் வயலும்தான். கருப்பைத் தடவிப் பார்த்து அப்பா கேட்டார்: "இங்கதான் தண்ணி பாயலையா?"