எந்தக் கையில் கைத்தடி?

டெக்சஸில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, காலேஜில் கினீசியாலஜி எடுத்திருப்பதாகப் போனில் சொன்னபோது, "டாக்டருக்குப் படிக்க வேண்டியதுதானே, இது என்ன டிரில் மாஸ்டர் படிப்பு?" என்று கேட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் என்னோடு பேச்சு குறைந்துபோனது.

மகள்தான் விளக்கினாள். நம் ஊர் போல பிளஸ் டூ முடித்ததும் நேராக பிசியோதெரபி சேர முடியாதாம். முதலில் 4 வருஷம் ஒரு பட்டப்படிப்பு, பிறகு 3 வருஷம் பிசியோதெரபியில் டாக்டர் பட்டம், அதன்மேல் லைசென்ஸ் பரீட்சை. அந்த முதல் 4 வருஷத்துக்குப் பலர் எடுப்பது இந்தக் கினீசியாலஜி. உடம்பு எப்படி அசைகிறது என்கிற படிப்பு.

போன டிசம்பரில் வந்திருந்தாள். என் மனைவிக்கு வலது இடுப்பு மூட்டில் தேய்மானம். 2 வருஷமாக வலது கையில் கைத்தடி. வலிக்கிற பக்கம்தானே தாங்கல் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நான். பாட்டி கூடத்தில் நடப்பதை இரண்டு தடவை பார்த்தவள், "பாட்டி, தடியை இடது கைக்கு மாத்துங்க" என்றாள்.

நான் விடவில்லை. "அதெப்படிம்மா?" என்றேன். பேப்பரில் படம் போட்டாள். வலது காலில் நிற்கும்போது இடுப்பு இடப்பக்கம் சாய்ந்துவிடாமல் பிடித்திருப்பது வலது இடுப்பின் வெளிப்பக்கத் தசை. அது மூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து இழுப்பதால் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பும் சேர்ந்து, மூட்டில் விழும் பாரம் உடம்பு எடையைப் போல இரண்டரை மடங்கு ஆகிவிடும். இடது கைத் தடி மூட்டிலிருந்து தள்ளி ஊன்றுவதால், லேசாக அழுத்தினாலே தசைக்கு வேலை குறையும்.

நெம்புகோல்! பொதுப்பணித் துறையில் 34 வருஷம் மதகும் ஷட்டருமாக நான் போட்ட அதே கணக்கு. வீட்டுக்குள் மட்டும் தோன்றவில்லை.

தடியின் உயரத்தை மணிக்கட்டு அளவுக்குக் குறைத்தாள். தடியும் வலது காலும் சேர்ந்து முன்னே போகவேண்டும் என்று ஒரு வாரம் கூடவே நடந்தாள். வலி போய்விடவில்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்கு இவள் மறுபடி நடந்தே போகிறாள். "2 வருஷம் உங்க இன்ஜினியரிங்கை நம்பினேன் பாருங்க" என்று இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஊருக்குக் கிளம்பும்போது பேத்தியிடம், "அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதேம்மா" என்றேன்.

"அது கிடக்கட்டும் தாத்தா. நீங்க நாற்காலியிலேருந்து எழுந்திருக்கிறதே சரியில்லை. காலைப் பின்னாடி இழுத்து வச்சு, முன்னால குனிஞ்சு எழுந்திருங்க" என்றாள்.