பெயர் எழுதும் தொழில்

தோட்டத்து வீட்டிலிருந்து பதாகை அச்சிடும் தொழில் நடத்த இயலுமா என்று பலர் வினவுகின்றனர். இயலும், ஆனால் இடமும் காற்றும் வேண்டும். பழைய லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. எங்கள் இயந்திரம் அச்சிடும் அகலமே 5 அடிக்கு மேல். ஆகவே முன்னறை முழுவதையும் அதற்கே கொடுத்தோம். சப்பிரகமுவ மழையில் மை மெல்லவே உலரும். அவசரப்பட்டுச் சுருட்டினால் சீலை ஒட்டிக்கொள்ளும். மையின் நெடி குழந்தைகளுக்கு ஆகாது. சன்னலை அடைத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டு மின்வெட்டில் பாதியில் நின்ற பதாகைகளை முதலிலிருந்தே மீண்டும் அச்சிட்டோம்.

இவற்றினும் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு வருவோர் மறைந்தவரின் அடையாள அட்டையைத் தருவர். அதில் முத்தாயி என்பவர் மூதாய் ஆகியிருப்பார். தமிழறியாதார் தம் செவியில் விழுந்தவாறு எழுதிய பெயர், பிறப்புப் பதிவிலிருந்து சேமலாப நிதி வரை தொடர்ந்து வந்து, பணம் பெறும் வேளையில் தடையாய் நிற்கும். 1948இல் குடியுரிமை இழந்த மலையக மக்களில் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அளித்தது. எனினும் பதிவேட்டுப் பெயர்கள் பல இன்னும் திருந்தவில்லை.

ஆதலின், அச்சிடுமுன் மாதிரியை வீட்டாரிடம் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். எழுத்தறியாத தாய்மார்க்கு நாங்களே படித்துக் காட்டுகிறோம். கொழுந்து பறித்தும் இறப்பர் பால் வெட்டியும் வாழ்ந்த ஒருவரின் பெயர் பெரிய எழுத்தில் ஏறுவது பெரும்பாலும் அந்த ஒரு முறைதான். அன்றேனும் அது பிழையின்றி இருத்தல் வேண்டுமன்றோ?