மூணாவது கியர்ல ஒரு தயக்கம்

பெங்களூர்ல வண்டிக்கு வைத்தியம் பார்க்கறதுல ஒரு சிக்கல் இருக்குங்க. நோயாளி டாக்டர் முன்னாடி போய் நின்னா இருமலே வராது. என் வண்டிக்கு இருந்த பிரச்சினை, மூணாவது கியர்ல, 3,500 ஆர்.பி.எம். தாண்டி, ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் அமுக்கினா மட்டும் வரும். பொம்மனஹள்ளியிலேர்ந்து சில்க் போர்டு வரைக்கும் ரெண்டாவது கியர் போட முடிஞ்சாலே அன்னிக்கு நல்ல சகுனம். மெக்கானிக்கைப் பக்கத்துல உக்கார வெச்சு ரெண்டு தடவை சுத்தினேன். "நல்லாத்தானே போகுது சார்?"னு இறங்கிப் போயிட்டார்.

வண்டி ஃபியட் லீனியா டி-ஜெட். 2010ல இந்தியாவுக்கு வந்தது. 1368 சிசி பெட்ரோல் டர்போ, 114 பி.எஸ். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். வாங்கினவன் ஓட்டிட்டுப் போயிருக்கலாம். இதே இன்ஜினை வெச்சு 2015ல அபார்த் புன்டோன்னு ஒண்ணு விட்டாங்க, அதுல 145 பி.எஸ். அதைப் படிச்ச அன்னிக்கு ஆரம்பிச்சது எனக்குக் கிரகம். கம்ப்யூட்டர்ல மேப்பை மாத்தி, வேஸ்ட்கேட் குழாய்ல ஒரு ப்ளீட் வால்வு மாட்டி, டர்போ அழுத்தத்தை 1 பார் வரைக்கும் ஏத்தி விட்டேன். வேஸ்ட்கேட்ங்கறது டர்போவுக்கு ஒரு மதகு மாதிரி. அழுத்தம் அளவுக்கு மேல போனா திறந்துக்கும். ப்ளீட் வால்வு அந்த அழுத்தத்துல கொஞ்சத்தைக் கசிய விட்டு, மதகுக்குக் கம்மியா கணக்குக் காட்டும். பொய்க்கணக்கு தான், வேறென்ன.

(இப்படிக் கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கூடாதுன்னு 2019 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அது எனக்குத் தெரியும். தங்கமணிக்குத் தெரியாது. அப்போ.)

போன பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். விடிகாலை, நல்ல குளிர். தொப்பூர் இறங்கி சேலம் தாண்டி, சங்ககிரி விட்டு குமாரபாளையம் பக்கம் வரும்போது இடது லேன்ல ரெண்டு லாரி. பின்னால போனது முன்னால போறதை முந்தறதுக்காக, இண்டிகேட்டரும் இல்லாம கையும் காட்டாம வலது பக்கம் ஒதுங்க ஆரம்பிச்சது. நான் அதோட பாதி உடம்பு தாண்டிட்டேன். பிரேக் போடலாம்னா பின்னாடி ஒரு பஸ் லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சுக்கிட்டே முட்டற மாதிரி வருது. வலது பக்கம் மீடியன். மூணாவது கியருக்கு மாத்தி ஒரே அமுக்கு.

வண்டி கிளம்பிச்சு. அப்புறம் யாரோ பின்னாடியிலேர்ந்து சட்டையைப் பிடிச்சு இழுத்த மாதிரி நின்னு, திணறி, துள்ளி, மறுபடி திணறிச்சு. ஒரு செகண்ட் இருக்குமா? ஒண்ணரை? லாரியோட டயர் நட்டு ஒவ்வொண்ணா எண்ணியிருப்பேன். நான் ஹாரன்ல வெச்ச கையை எடுக்கவே இல்லை. அந்த டிரைவர் எப்படியோ பார்த்துட்டு உள்ளே வளைச்சுட்டார். பின் சீட்ல பாப்பா தூங்கிக்கிட்டிருந்தா.

பவானி வரைக்கும் தங்கமணி ஒரு வார்த்தை பேசல. அப்புறம் தான், "இனிமே இந்த வண்டியில பாப்பாவை ஏத்த மாட்டேனுங்க"ன்னா. சத்தம் போட்டிருந்தா பரவாயில்லை. மெதுவா சொன்னா.

வெட்கமான விஷயம் என்னன்னா, இந்தத் தயக்கம் எனக்கு மூணு மாசமா தெரியும். பெங்களூர்ல ஒரு கடையில காட்டினேன். நைஸ் ரோடுல கொண்டு போய் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தாங்க. தயங்கற அந்த நேரத்துல ஆக்சிஜன் சென்சார் 'லீன்'னு காட்டிச்சு, அதாவது காத்து அதிகம், பெட்ரோல் பத்தலை. "ஃபியூயல் பம்ப் வீக் சார்." முட்டாள்தனமான முடிவுன்னு சொல்ல மாட்டேன். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். திருப்பிச் சொன்னா, அதே காத்துக்கு முன்னைவிட அதிகமா எரிபொருளை ஊத்தணும், பம்புக்கு வேலை ஜாஸ்தி. ஜே.சி. ரோடுல தேடி பம்ப் வாங்கி, கூலியோட சேர்த்துப் பதினோராயிரம். தயக்கம் அப்படியே இருந்தது. அடுத்து, "அப்போ டர்போ தான் சார்"னாங்க. அதுக்கு அறுபதாயிரம் சொச்சம். பொங்கல் முடிஞ்சு பார்த்துக்கலாம்னு வந்தவன் தான் குமாரபாளையத்துல மாட்டினேன்.

கோயமுத்தூர் போனதும் மாமாகிட்ட போனேன். கணபதியில ரொம்ப வருஷம் டீசல் பம்ப் ஒர்க்ஷாப் வெச்சிருந்தவர். டர்போ பெட்ரோல் காரெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. நான் ஃபோன்ல ஓ.பி.டி. கிராஃபைக் காட்டி அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாஞ் செரி கண்ணு, பிளக்கைக் கழட்டிப் பாத்தியா?"ன்னார்.

ஙேன்னு முழிச்சேன். பிளக்கை ஏன் பார்க்கணும்? புதுசாச்சே! இரிடியம், ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி நாலு மாசம் முன்னாடி நானே போட்டது.

"புதுசுங்கறே. கேப் அளந்தயா?"

அளக்கல. ஃபீலர் கேஜ் எடுத்துட்டு வந்தார். நாலுலயும் 1.1 மில்லிமீட்டர். வேற ஏதோ டர்போ இல்லாத இன்ஜினுக்கான பிளக். மரையும் நீளமும் சரியா இருந்ததால உள்ளே போய் உக்கார்ந்துடுச்சு. நானும் பெட்டி மேல இருந்த 'இரிடியம்'கற வார்த்தையை மட்டும் படிச்சிருக்கேன்.

நாலு மாசம் முன்னாடி பிளக், மூணு மாசமா தயக்கம். பொட்டி தட்டற ஆபீஸ்ல நான் செய்யற வேலையே, "கடைசியா என்னய்யா மாத்தினீங்க?"ன்னு ஜூனியர் பசங்களைக் கேக்கறது தான்.

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில உக்கார்ந்து யோசிச்சப்போ ஒவ்வொண்ணா புரிஞ்சது. பொறி தாவ வேண்டிய இடைவெளி அதிகமானா அதிக வோல்ட் வேணும். சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறினாலும் அதிக வோல்ட் வேணும். ரெண்டும் சேர்ந்தா காயில் கையை விரிச்சுடும். பொறி விழாத சிலிண்டர்லேர்ந்து எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் அப்படியே சைலன்சர் பக்கம் போகும். ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது, பேரே ஆக்சிஜன் சென்சார் தானே. மிச்சமா வந்த ஆக்சிஜனைப் பார்த்துட்டு 'லீன்'னு சொல்லியிருக்கு. அதை நம்பி ஒரு நல்ல பம்பைத் தூக்கிப் போட்டிருக்கோம்.

இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. பெங்களூர்ல லேசா தயங்கறது குமாரபாளையத்துல மட்டும் ஏன் அப்படி மண்டி போட்டுச்சு? பெங்களூர் கடல் மட்டத்துலேர்ந்து 920 மீட்டர் உயரம், காத்தழுத்தம் 0.9 பார் தான். காவிரிக்கரையில உயரம் 200 மீட்டருக்குப் பக்கம், கிட்டத்தட்ட 0.98. ப்ளீட் வால்வு வேலை செய்யறது வெளிக்காத்துக்கு மேல 1 பார்ங்கற கணக்குல. ஆக அங்கே மொத்தம் 1.9, இங்கே 1.98. நாலு சதவீதம் தான் வித்தியாசம், கூடவே விடிகாலைக் குளிர்க்காத்தோட அடர்த்தி. விளிம்புல நின்ன பொறிக்கு அது போதும். மேட்டுல அளவெடுத்துச் சட்டை தைச்சு, பள்ளத்துல போட்டுட்டு வந்திருக்கேன்.

மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு நீலாம்பூர் தாண்டிப் போனோம். நான் ப்ளீட் வால்வையும் கழட்டி, பிளக்கையும் மாத்திடலாம்னேன். மாமா ஒத்துக்கல. "ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எதுல செரியாச்சுன்னு எப்படிச் சொல்லுவே?" நியாயம் தான். அழுத்தத்தைக் குறைச்சா பெட்ரோல் தேவையும் குறையும், பொறிக்கும் சுலபம். தயக்கம் போனாலும் குத்தவாளி பம்பா பிளக்கான்னு தெரியாது. அதனால அழுத்தத்தைத் தொடாம பிளக் மட்டும். இரிடியத்தை வளைக்க வேண்டாம், நடு முனை ஊசி மாதிரி இருக்கு, உடையும்னு சொல்லி, இந்த இன்ஜினுக்கு உண்டான சாதா பிளக் நாலு வாங்கி 0.7ல வெச்சார். விலை? நாலும் சேர்த்து ஆயிரத்துக்குள்ள.

மூணாவது கியர். 3,000. 3,500. 4,000. ஒரே இழுப்பு, துணி கிழிக்கற மாதிரி. மாமா டாஷ்போர்டைப் பிடிச்சுக்கிட்டு, "போதும் சாமி, போதும்"னார். காத்து வெச்சு இழுக்கற வண்டியில அவர் வேகமா போனது அன்னிக்குத்தான் முதல் தடவையாம்.

அவருக்குப் பிளக்னா இன்னும் மிக்கோ தான். 1951ல பெங்களூர்ல ஆரம்பிச்ச கம்பெனி, 2008ல பாஷ்னு பேர் மாறினதை அவர் ஒத்துக்கறதில்லை. "உங்கூர்ல பண்ணுன பிளக்கு கண்ணு. அதைப் பத்தி நீயி எங்கிட்ட கேக்கறே"ன்னு சிரிச்சார். நான் பிழைக்கப் போன ஊரை 'உங்கூர்'னு சொன்னது சுருக்குனு இருந்தது.

ப்ளீட் வால்வை அன்னிக்கே கழட்டிட்டேன். இங்கே வந்து மேப்பையும் பழையபடி ஆக்கியாச்சு. இடையில மூணு மாசம் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல போய் எரிஞ்சிருக்கும். அதோட ஆயுசு எவ்வளவு மிச்சம்னு அடுத்த எமிஷன் டெஸ்ட்ல தெரியும்.

திரும்பி வரும்போது தங்கமணி போட்ட கண்டிஷன், குமாரபாளையத்துலேர்ந்து சேலம் வரைக்கும் அவ தான் ஓட்டுவா. ஓட்டினா. நாலு லாரியை முந்தினா, நாலாவதை வேணும்னே அடி வரைக்கும் அமுக்கி. தொப்பூர் மேட்டுக்கு முன்னாடி நிறுத்தி, டீ வாங்கித் தரச் சொன்னா. பாப்பாவைப் பத்தி ரெண்டு பேரும் பேசல.

பழைய பம்ப் இன்னும் டிக்கியில தான் கிடக்கு. கழட்டி வெச்சுப் பன்னெண்டு வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். ஜம்முனு ஓடுது.