ஏழாவது பிடி

தில்லிக்கு நான் வந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் பெரும்பகுதி அரசுக் கோப்புகளில் கையெழுத்திட்டே கழிந்தது. அந்தக் கையெழுத்துத்தான் முதலில் என்னைக் கைவிட்டது. ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் என் காசோலை ஒன்று வங்கியிலிருந்து திரும்பி வந்தது, கையெழுத்துப் பொருந்தவில்லையாம். எடுத்துப் பார்த்தேன். பெரிதாகத் தொடங்கிய எழுத்துகள் போகப்போகச் சிறுத்து, கடைசியில் சிற்றெறும்புகளாய் ஊர்ந்துகொண்டிருந்தன.

பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். 1817ஆம் ஆண்டில் இதனை விவரித்தெழுதிய இலண்டன் மருத்துவர் ஜேம்சு பார்க்கின்சனின் பெயரால் வழங்குவது. நடுக்குவாதம் என்பர் நம்மவர். மூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால், நினைத்த அசைவு நினைத்தபடி எழுவதில்லை. எல்லோரும் கை நடுக்கத்தைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கோ அது பெருந்துன்பமன்று. நிலைவாசலருகே வந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றனவே, அதுதான் துன்பம். பின்னால் நிற்கும் பேரன், "தாத்தா, போங்க" என்பான். போகத்தானே நினைக்கிறேன்!

ஊரிலுள்ள உறவினர் எவருக்கும் இதை நாங்கள் சொல்லவில்லை. திருமண அழைப்புகள் வந்தால், தில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவோம். சித்திரையிலும் அதே குளிர்தான்.

நிற்க. இயன்முறை மருத்துவர் ஒருநாள் தரையில் சாக்கட்டியால் குறுக்குக் கோடுகள் வரைந்து, அவற்றைத் தாண்டி நடக்கச் சொன்னார். ஒட்டிய கால் எழுந்தது! கண் ஓர் இலக்கைப் பற்றினால் காலும் இணங்குகிறது. சுவரேற்றப் பயிற்சியைப் பற்றிச் சொன்னவரும் அவரே. வியன்னாவில் 48 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2021இல் வெளிவந்ததாம். வாரம் 90 நிமிடமாகப் பன்னிரண்டு வாரங்கள் ஏறியவர்களுக்கு உடல் இறுக்கமும் மந்தமும் நடுக்கமும் குறைந்தனவாம். நோய் தீர்ந்ததென்று அவர் சொல்லவில்லை.

"இந்த வயசுல சுவரேறணுமா? விழுந்தா நான் யாருகிட்டப் போய் நிப்பேன்?" என்றாள் என் மனைவி. அவள் அச்சம் வீணன்று. முந்தைய ஆண்டுதான் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தேன். நான்கு நாள் பூசலுக்குப்பின், தானும் வருவதாகச் சொல்லி இசைந்தாள்.

மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துத் தென்தில்லியிலுள்ள பயிற்சிக் கூடத்துக்குச் சென்றோம். சுவரெங்கும் பல வண்ணப் பிடிகள். இடுப்பிலும் தொடைகளிலும் வார்ப்பட்டை பூட்டி, கயிற்றின் மறுமுனையைப் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டார். கை நழுவினால் கயிறு தாங்கும். முதல் பிடிக்கே கையை முழுநீளம் நீட்டவேண்டியிருந்தது. என் எழுத்தைப் போலவே சிறுத்துப்போயிருந்த உடம்பு, எத்தனையோ மாதங்களுக்குப்பின் நிமிர்ந்தது.

நான்காம் பிடியில் கால் உறைந்தது. பயிற்சியாளர் இந்தியில் ஏதோ சொன்னார், செவியில் ஏறவில்லை. அப்போது கீழிருந்து தமிழ் கேட்டது: "இடது கால்கிட்ட மஞ்சள் இருக்கு பாருங்க! மஞ்சளைப் பாருங்க!"

பார்த்தேன். கால் எழுந்தது.

ஏழாவது பிடியைத் தொட்டு இறங்கினேன். காலணி முடிச்சை அவிழ்க்க விரல்கள் மறுத்தன. அவள் குனிந்து அவிழ்த்தாள்.

அன்றிரவு மதுரையிலிருக்கும் என் தங்கையோடு அவள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நோயின் பெயரைத் தயங்காமல் சொன்னாள். பிறகு சுவர்க் கதை தொடங்கியது. எவ்வளவு உயரம் என்று தங்கை கேட்டிருப்பாள் போலும்.

"ரெண்டு மாடி உயரம் இருக்கும்" என்றாள், கூசாமல்.