பழைய டேப், புதிய தட்டு: லண்டன் ஏஸ் ரெக்கார்ட்ஸின் மறுவெளியீட்டுத் தொழில்

1950களில் அமெரிக்காவை ஆட்டிவைத்த ராக் அண்ட் ரோல் பாடல்களில் கணிசமானவை சிறு நிறுவனங்களின் தயாரிப்பு. மெம்பிஸில் சன், சிகாகோவில் செஸ், லாஸ் ஏஞ்சலிஸில் மாடர்ன், ஸ்பெஷால்டி, மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்ஸன் நகரில் ஏஸ் என்று ஊருக்கு ஊர் இவை முளைத்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் பல மூடப்பட்டன, பல கைமாறின. மாஸ்டர் டேப்புகள் கிடங்குகளில் தங்கிவிட்டன. அவற்றைத் தேடியெடுத்துச் சீர்செய்து, உரிமம் வாங்கி மீண்டும் வெளியிடுவதற்கென்றே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனி நிறுவனங்கள் தோன்றின. ஜெர்மனியில் ரிச்சர்ட் வைஸே 1975இல் தொடங்கிய பேர் ஃபேமிலி, நியூயார்க்கில் பில்லி மில்லரும் மிரியம் லின்னாவும் 1986இல் தொடங்கிய நார்ட்டன், லண்டனில் 1978இல் உருவான ஏஸ் ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

லண்டன் ஏஸின் வேர் ஒரு சந்தைக் கடையில் இருக்கிறது. அயர்லாந்துக்காரரான டெட் கேரல் 1971இல் மேற்கு லண்டனின் கோல்போர்ன் சாலையில் ‘ராக் ஆன்’ என்ற பெயரில் பழைய ரெக்கார்டு கடை போட்டார். பிறகு சோஹோ சந்தையிலும் கேம்டன் டவுனிலும் கிளைகள் வந்தன. கடைக்கு வருபவர்கள் எந்தத் தட்டைக் கேட்டு ஏமாந்து திரும்புகிறார்கள் என்பது கல்லாவில் நிற்பவருக்குத் தெரியும். மறுவெளியீட்டுக்கு அதைவிட நல்ல சந்தை ஆய்வு கிடையாது. கேரலும் ரோஜர் ஆர்ம்ஸ்ட்ராங்கும் 1975இல் சிஸ்விக் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார்கள். புதிய குழுக்களைப் பதிவு செய்துகொண்டே, 1959இல் வெளிவந்து அகப்படாமல் போயிருந்த வின்ஸ் டெய்லரின் ‘பிராண்ட் நியூ கெடிலாக்’ பாட்டை 1976இல் மறுபடி அச்சிட்டார்கள். மூன்றாண்டு கழித்து தி கிளாஷ் குழு அதே பாட்டைத் தன் பாணியில் பாடியது. டிரெவர் சர்ச்சிலும் கூட்டாளியாகச் சேர, பழைய பாடல்களுக்கென 1978இல் ஏஸ் பிறந்தது. ஜாக்ஸனில் ஜானி வின்சென்ட் 1955இல் நிறுவிய ஏஸின் பெயரே இதற்கும் வந்தது.

வேலையின் முதல் கட்டம் தேடல். ஒரு பாட்டுக்கு ஒரே டேப்தான் இருக்கும் என்பதில்லை. ஸ்டூடியோவில் ஓடிய மூல டேப், அதிலிருந்து தட்டு வெட்டுவதற்காக எடுத்த நகல், வெளிநாட்டுக்கு அனுப்பிய நகலின் நகல் என்று பல தலைமுறைகள் உண்டு. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும், கூர்மை குறையும். 1960களில் மோனோ பதிவுகளைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய நகல்களும் அதே அலமாரியில் கலந்து கிடக்கும். அதனால் டேப் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதிய தேதியும் டேக் எண்ணும் தங்கத்துக்குச் சமம். மூல ரீலில் வெளிவந்த பாட்டோடு, பாதியில் நின்றுபோன முயற்சிகளும், கண்ணாடிக்கு அப்பாலிருந்து தயாரிப்பாளர் கொடுத்த குரலும், யாரும் கேட்டிராத மாற்று வடிவமும் பதிவாகியிருக்கும். ஏஸ் உரிமம் வாங்குவதோடு நிற்கவில்லை. பிஹாரி சகோதரர்கள் 1945இல் தொடங்கிய மாடர்னின் பட்டியலை 1990களின் தொடக்கத்தில் வேறு நாட்டுக் கூட்டாளிகளோடு சேர்ந்து விலைக்கே வாங்கியது. ரே டாப்பிங் போன்ற ஆய்வாளர்கள் அத்தகைய ரீல்களைக் கேட்டுப் பட்டியலிடுவதிலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள்.

அடுத்த கட்டமான டேப்பை ஓட்டுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். 1950களின் டேப் பெரும்பாலும் அசிட்டேட் அடிப்படை கொண்டது, கால் அங்குல அகலம். வயதானால் உலர்ந்து முறுகும். இழுத்தால் நீளாமல் பட்டென்று அறும். அறுந்த இடம் சுத்தமாக இருப்பதால் மறுபடி ஒட்டிவிடலாம் என்பது ஒன்றே ஆறுதல். பழைய ஒட்டுகளின் பசை காய்ந்துபோயிருக்கும். ரீல் சுற்றச் சுற்ற ஒட்டுகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வரும். ஒவ்வொன்றையும் நிறுத்தி, பழைய பசையைத் துடைத்து, புதிய ஒட்டுநாடா போட்டபின்தான் பாட்டைத் தொடலாம்.

அதன் பிறகு வேலை ஒரு சிறிய திருகாணியின் மேல் குவிகிறது. டேப் மெஷினின் ஹெட்டில் மயிரிழை போன்ற ஒரு பிளவு உண்டு. டேப் ஓடும் திசைக்கு அது சரியான செங்குத்தில் நிற்க வேண்டும். இந்தக் கோணத்துக்குத்தான் அஸிமத் என்று பெயர். 1956இல் பதிவு செய்த மெஷினின் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தால், இன்று ஓட்டும் ஹெட்டும் அதே அளவு, அதே பக்கம் சாய வேண்டும். இல்லையென்றால் உச்ச ஒலிகள் முதலில் மங்கும். சிம்பல் தாளத்தின் சிலிர்ப்பும் பாடகரின் ‘ஸ்’ ஒலியும் கம்பளிக்குள் போய்விடும். டேப்பின் முழு அகலத்திலும் ஒரே மோனோ தடமாகப் பதிவானவற்றில் இந்த இழப்பு இன்னும் கடுமை. ஹெட்டைச் சரிபார்க்க உதவும் சோதனை ஒலிகள் அக்கால ரீல்களில் அநேகமாக இருப்பதில்லை. பொறியாளர் பாட்டை ஓடவிட்டு, திருப்புளியால் திருகாணியை நூலளவு அசைத்து, சிம்பல் எப்போது தெளிகிறது என்று காதால் பிடிக்கிறார். அந்த மோனோ டேப்பை ஸ்டீரியோ ஹெட்டில் ஓட்டி, ஒரு பக்க ஒலியை மறுபக்கத்திலிருந்து கழித்துக் கேட்பது இன்னொரு வழி. கோணம் சரியாகும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்து, ஒலி ஏறக்குறைய மௌனமாகிவிடும். வெவ்வேறு நாளில் பதிவான பாடல்களை ஒரே ரீலில் ஒட்டியிருந்தால், பாட்டுக்குப் பாட்டு திருகாணியைத் தொட்டாக வேண்டும். இதைத் தவறவிட்டு, மங்கிய ஒலியைப் பிறகு கணினியில் ஏற்றிக் கூர்மையாக்கினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும்.

டேப்பே இல்லாத பாடல்களும் ஏராளம். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் பிடித்த தீயில் மாஸ்டர் டேப்புகள் அழிந்தன. அழிந்தவற்றில் செஸ், டெக்கா நிறுவனங்களின் டேப்புகளும் அடங்கும் என்று நியூயார்க் டைம்ஸ் 2019இல் எழுதியது. இழப்பின் அளவை யுனிவர்சல் நிறுவனம் மறுத்தது. டேப் கிடைக்காதபோது சேகரிப்பாளரிடமிருந்து தேயாத தட்டு ஒன்றை இரவல் வாங்குகிறார்கள். தட்டைக் கழுவிய பின் ஊசியைத் தேர்வு செய்வது முக்கியம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டின் பள்ளம் அகலமானது, சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். 45 சுற்றுத் தட்டுக்கு 25 மைக்ரானோ அதற்கும் குறைவோ போதும். சற்று வேறு பருமனுள்ள ஊசி, பழைய ஊசிகள் உழாத உயரத்தில் பள்ளத்தின் சுவரைத் தொடும். தேய்ந்த தட்டும் அங்கே புதிதாக ஒலிக்கும். எஞ்சிய ‘டிக்’ சத்தங்களைக் கணினியில் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். மென்பொருளிடம் மொத்தமாக விட்டால் டிரம் அடியையும் கீறல் என்று எண்ணி விழுங்கிவிடும்.

வினைல் வெளியீடாக இருந்தால், அலுமினியத் தகட்டின் மேல் பூசிய லாக்கரில் பாட்டை வெட்டி, அதற்கு வெள்ளிப் பூச்சும் நிக்கல் முலாமும் ஏற்றி, அதிலிருந்து அச்சுத் தகடுகள் எடுக்கப்படுகின்றன. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்ததும், உலகுக்கே லாக்கர் கொடுக்க ஜப்பானில் ஒரே ஒரு ஆலைதான் மிஞ்சியது.

தட்டோடு வரும் குறிப்பேடும் தொழிலின் பகுதியே. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாள்களில் யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் வாசித்தார் என்று பதிவாகியிருக்கும். தட்டின் உறையில் பெயரே வராத சாக்ஸஃபோன்காரரையும் டிரம்காரரையும் இந்தத் தாள்கள் மீட்டுத் தருகின்றன. 1991இல் ஏஸ் தொடங்கிய ‘கோல்டன் ஏஜ் ஆஃப் அமெரிக்கன் ராக் அண்ட் ரோல்’ வரிசை, 30 பாடல் கொண்ட குறுந்தகட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் வரலாறு எழுதிப் பேர் வாங்கியது.

பணக் கணக்கு எப்போதுமே கோணலானது. பாட்டு யாருடையது என்ற கேள்வியில் 1950களிலேயே இடைத்தரகர் புகுந்துவிட்டார். சக் பெரியின் ‘மேபெலின்’ 1955இல் வெளிவந்தபோது, வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடும் செஸ் நிறுவனத்துக்கு வேண்டப்பட்டவரான ரஸ் ஃப்ராட்டோவும் இணையாசிரியர்களாக அச்சேறினார்கள். ஒரு வரிகூட எழுதாதவர்களுக்கு ராயல்ட்டியில் பங்கு போனது. முழு உரிமை பெரியின் பெயருக்குத் திரும்ப 1986 ஆயிற்று. மாடர்னில் பிஹாரி சகோதரர்கள் டாப், ஜோஸியா, லிங் என்ற புனைபெயர்களில் பி.பி. கிங் உள்ளிட்டோரின் பாடல்களுக்கு ஆசிரியர் ஆனார்கள். ஸ்டூடியோ வாடகை, டேப் செலவு என்று கலைஞரின் கணக்கில் பற்று எழுதி, வரவை இப்படிப் பிரித்துக்கொண்டதில் கொழுத்தவர்கள் பாடியவர்கள் அல்லர். பாடியவர்கள் ஓட்டல் வேலைக்கும் தொழிற்சாலைக்கும் திரும்பினார்கள். தட்டு மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. மறுவெளியீட்டு நிறுவனம் முறையாக நடந்துகொண்டால் இந்த அநீதியின் ஒரு பகுதியாவது நேராகும். உரிமையாளரோடு ஒப்பந்தம் எழுதி, விற்ற எண்ணிக்கைக்குக் கணக்கு கொடுத்து, கலைஞரையோ வாரிசையோ தேடிப் பிடித்துக் காசோலை அனுப்புவதும் டேப் சீரமைப்பைப் போலவே ஆய்வாளரின் வேலை.

புதிய இடைத்தரகருக்குச் சட்டமே கதவு திறந்துவிட்டிருக்கிறது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை 50 ஆண்டாக இருந்து, 2013 நவம்பரில் 70 ஆண்டாக நீண்டது. ஆனால் 1962 முடிவுக்குள் வெளிவந்த பதிவுகளின் காலாவதியான உரிமை மீளவில்லை. ராக் அண்ட் ரோலின் பொற்காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் ஏஸ் செலவழித்துத் துலக்கிய ஒலியை அதன் குறுந்தகட்டிலிருந்தே நகலெடுத்து, மலிவுப் பெட்டியில் 100 பாடலாக அடைத்து விற்க எவருக்கும் வழி உண்டு. எழுதிய பாட்டின் உரிமை தனி என்பதால் அதற்குரிய தொகையை மட்டும் கட்டினால் போதும். பாடியவருக்குக் காசு இல்லை, டேப்பைச் சீர்செய்தவருக்கும் இல்லை. அமெரிக்கச் சட்டம் இதற்கு நேரெதிர். 2018இல் இயற்றிய இசை நவீனமயச் சட்டத்தின்படி 1957க்கும் 1972 பிப்ரவரிக்கும் இடையில் பதிவானவற்றுக்கு 2067 வரை பாதுகாப்பு உண்டு.

2022இல் ஸ்வீடனின் காஸ்மாஸ் மியூசிக் ஏஸை வாங்கியது. இணையத்தில் பாட்டுக் கேட்கும் காலத்திலும் குறுந்தகடும் வினைலும் இந்தத் தொழிலில் நீடிப்பதற்கு உரிம முறையும் ஒரு காரணம். பல உரிமையாளர்களிடம் வாங்கிய 30 பாடல்களின் தொகுப்பைத் தட்டாக விற்க ஒருமுறை பெற்ற அனுமதி, இணைய ஒலிபரப்புக்குத் தானாகச் செல்லாது. அதற்கு ஒவ்வொருவரிடமும் நாடுவாரியாகத் தனி அனுமதி பெற வேண்டும்.