சாக்லேட்டில் இருப்பது போதையா, நேசமா?



பிப்ரவரி மாதம் நெருங்கினால் திருவல்லிக்கேணிக் கடைகளில் சிவப்புத் தாள் சுற்றிய சாக்லேட் பெட்டிகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. மத்ரஸாவின் மேல்வகுப்பு மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: “உஸ்தாத், சாக்லேட்டில் காதலைத் தூண்டும் ரசாயனம் இருக்கிறதாமே? மனநிலையை மாற்றும் பொருள் ஹலாலாகுமா?”

சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று இது. இதனுள் மார்க்கச் சட்டமும் உண்டு, இல்லறமும் உண்டு.

கொக்கோவில் பினைல்எத்திலமின் என்னும் பொருள் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் காதலின் வேதியியல் குறித்து 1983இல் எழுதிய நூலுக்குப் பின் அது ‘காதல் ரசாயனம்’ எனப் பெயர் பெற்றது. ஆயினும் நாம் உண்ணும் பினைல்எத்திலமினை உடலிலுள்ள நொதி விரைவில் சிதைத்துவிடுகிறது. மூளையை எட்டுவது மிகச் சொற்பம். 1996இல் ஆய்வாளர்கள் சாக்லேட்டில் அனந்தமைடையும் கண்டனர். ‘ஆனந்தம்’ என்னும் சொல்லிலிருந்து பெயர் பெற்ற அப்பொருள், மூளையில் கஞ்சா தொடும் அதே இடங்களைத் தொடுவது. ஆனால் அதை நம் மூளையே சுரக்கிறது. சாக்லேட்டில் உள்ளதோ மிகச் சிறிதளவு. எஞ்சிய தியோப்ரோமினும் காஃபினும் தேநீர் போன்ற மெல்லிய ஊக்கமே தருபவை.

மார்க்கம் தடுத்தது அறிவை மறைக்கும் போதையை. மிகுதியாக உட்கொண்டால் போதை தருவது சிறிதளவும் கூடாது என்பது விதி. சாக்லேட்டை எவ்வளவு உண்டாலும் வயிறு புரளுமேயன்றி அறிவு மறையாது. எனவே அச்சம் வேண்டியதில்லை. எனினும் மது நிரப்பிய சாக்லேட்டுகளும் விற்பனையில் உள்ளன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் மூலப்பொருள் பட்டியலைப் படித்த பின்னரே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

இனி இல்லறத்துக்கு வருவோம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், சாக்லேட் ஏக்கம் உடையவர்களுக்குக் கொக்கோப் பொடியை மாத்திரைக் குப்பியில் அடைத்துக் கொடுத்தனர். ரசாயனங்கள் உடலுக்குள் சென்றும் ஏக்கம் தணியவில்லை. சாக்லேட்டை வாயிலிட்டுச் சுவைத்தபோதே தணிந்தது. நாவில் உருகும் கொழுப்பும் இனிப்பும் மணமும் சேர்ந்ததே அந்த இன்பம்.

‘ஈர்ப்பு குறைந்துவிட்டது’ என்று கூறி, நிக்காஹ் முடிந்த சில ஆண்டுகளிலேயே பிரிவைப் பேசும் தம்பதியர் இன்று உண்டு. நேசத்தை ரசாயனம் என்று எண்ணுவோர், அது வடிந்ததும் நேசமே முடிந்ததாகக் கொள்கின்றனர். திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் 21ஆம் வசனமோ, தம்பதியரிடையே அல்லாஹ் ஏற்படுத்தியவையாக நேசத்தையும் கருணையையும் சேர்த்தே கூறுகிறது. நேசம் மங்கிய நாளில் கருணை குடும்பத்தைத் தாங்கும். தாங்கிய குடும்பத்தில் நேசம் மீண்டும் துளிர்க்கும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பருகிய பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே தம் வாயை வைத்து நபி (ஸல்) அவர்கள் பருகியதை ஹதீஸில் காண்கிறோம். அங்கு இருந்தது வெறும் பானம். நேசத்தைச் சொன்னது அச்செயல். அன்பளிப்புகளைப் பரிமாறுவது நேசத்தை வளர்க்கும் என்பதும் அவர்கள் கற்பித்ததே.

ஆகவே, இரவு கடையடைத்து வீடு திரும்பும் சகோதரரே, மனைவிக்கென ஒரு சிறு சாக்லேட் வாங்கிச் செல்லுங்கள். அதற்குப் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம். நாளெல்லாம் உழைத்தவளை நினைத்தீர்கள் என்பதே அதன் இனிப்பு. நம் இல்லங்களில் நேசத்தையும் கருணையையும் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.